திரைக்குள் இரண்டு சீட்டு

அந்தப் பெண் வகுப்புக்குள் நுழைந்ததும் எங்கள் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஆராய்ச்சி மாணவி. வயதானபின் படிக்க வருகிறவர்கள் ஊர் விஷயத்தில், ஓட்டு விஷயத்தில் மாறுகிறார்களா என்று பார்க்கிறாளாம். ஆசிரியை அப்படித்தான் சொன்னார். நாங்கள் நம்பவில்லை.

நாங்கள் என்றால், உப்பளம் பகுதியில் சாயங்காலப் பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் ஏழெட்டுப் பெண்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது, குடும்ப வழியில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பிரெஞ்சு பேசத்தான் வராது. அப்பா வழியில் எனக்குப் பாஸ்போர்ட் வந்தது, படிப்பு தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு சரி. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பேச வேண்டிய இடத்திலெல்லாம் அவரே பேசிவிடுவார். அவர் போனபிறகு அந்தப் பென்ஷனில்தான் என் அடுப்பு எரிகிறது. பாஷை தெரியாதவர்களிடமிருந்து குடியுரிமைப் பேப்பரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. யாருக்கு நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதனால் பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள். "அக்கா, இது தூதரகத்துலேந்து வந்திருக்கு. எது கேட்டாலும் வுய்யுன்னுடு."

வுய் என்றால் ஆமாம். சந்தேகமில்லாமல் எங்களுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

என் முறை வந்தது. அவள் தமிழில்தான் கேட்டாள். "போன ஞாயித்துக்கிழமை பிரெஞ்சு தேர்தல் நடந்துச்சே, ஓட்டு போட்டீங்களாம்மா?"

"வுய்."

நான் போட்டதே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அவள் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். வகுப்பு முடிந்து திரும்பி வரும்போது காதைக் கடித்தவளே சொன்னாள்: "ஓட்டு போட்டா கையெழுத்து வாங்குவாங்களே அக்கா. பாத்தா தெரிஞ்சுடுமே." முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். அதன்பிறகு வாசலில் தபால்காரர் நின்றாலே நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

முதலில் வந்த இரண்டு பேருக்கு நடுவே மறுபடி நடக்கும் இரண்டாம் சுற்றிலாவது என் கையெழுத்து இருக்கட்டும் என்று கிளம்பினேன். கடமை என்றெல்லாம் நினைக்கவில்லை, வெறும் பயம்தான். கணவரின் அண்ணன், என் மச்சாண்டார், ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷாவருஷம் ஃபாரம் எழுதி பென்ஷனுக்கு அனுப்புவது அவர்தான். அவர் எழுதாவிட்டால் பிரான்சைப் பொறுத்தவரை நான் செத்தவள்.

யாருக்குப் போட வேண்டும் என்று வழியிலேயே சொல்லிவிட்டார். "அவர் வந்தாதான்மா பென்ஷன் ஏறும்." அந்த ஆள் வந்தால் நம் நிறத்தவர்களுக்குக் கஷ்டம் என்று பாரிசுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் என் மகள் போனில் அழுதிருந்தாள். நான் "சரி மாமா" என்றேன்.

ஓட்டுச்சாவடிக்குள் மேசையில் இரண்டு பேரின் பெயர் அச்சடித்த சீட்டுகள் இரண்டு அடுக்காக இருந்தன. ஆசிரியை சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: இரண்டு சீட்டையும் எடுக்க வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்தால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். திரைக்குப் பின்னால் போய் ஒன்றைக் கவரில் போட்டுவிட்டு மற்றதைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்தேன்.

திரைக்குள் யாருமில்லை. பயம் விடும் என்று பார்த்தால் அதிகமானது. வுய் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எதிரே ஒரு முகம்கூட இல்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி இரண்டு பெயரையும் படித்தேன். மச்சாண்டார் சொன்னதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மற்றதைக் கவருக்குள் தள்ளினேன்.

ஓட்டுப் பெட்டி கண்ணாடி போல இருந்தது, உள்ளே எல்லாம் தெரிந்தது. கவருக்குள்ளும் தெரியுமோ என்று ஒரு நொடி உயிரே போய்விட்டது. அதிகாரி என் பெயரைப் படித்து, "ஆ வோத்தே" என்று உரக்கச் சொன்னார். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். அது எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன், கோணலாக.

வெளியே கேட் அருகில் அந்த ஆராய்ச்சிப் பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "யாருக்குன்னு சொல்ல வேணாம்மா. நீங்களேதான் முடிவு பண்ணீங்களா?"

மச்சாண்டார் முந்திக்கொண்டார். "அதுக்கு என்னா தெரியும்? நான் சொன்னதத்தான் போட்டிருக்கும். இல்லம்மா?"

என் பை பாதி திறந்திருந்தது. அவர் சொன்ன பெயர் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேலேயே கிடந்தது. உள்ளங்கையால் அழுத்தி மூடினேன்.

"வுய்," என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. அதையும் எழுதிக்கொண்டாள். இத்தனை வயதில் படித்தும் சொன்னபடி கேட்கிறவள் என்றுதான் அவள் ஆராய்ச்சியில் நான் இருப்பேன். அதை அடித்துவிடம்மா என்று சொல்ல நாக்கு துடித்தது. அதற்குள் அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். பின்னால் ஏறிப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். இறங்கும்போது பை கவிழ்ந்து சீட்டு அவர் காலடியில் விழுந்துவிடுமோ என்று வீடு வரைக்கும் பயந்துகொண்டே வந்தேன்.