மேல்மலையில் கறுப்பு மண்

"ஆராலயும் எடுக்க முடியாத நெலம்னு எங்கனாச்சும் இருக்குதுங்களா?"

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார் அந்தக் காண்ட்ராக்ட் தொழிலாளி. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் நான் நில எடுப்புப் பிரிவுக் குமாஸ்தா. அவருடைய ஊர் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டபோது வீட்டை அளக்கப் போனவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஆள் ஒருவர் வராததால் டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரரான அவரே பிடித்துக்கொண்டு சுவரோடு நகர்ந்தார். அளவு சரியாக வந்தது. பிறகு அவர் முத்தாண்டிக்குப்பம் பக்கம் குடிசை போட்டார். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, கரி ஏற்றிப் போகும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரி மேலே போடுவது. பெர்மனென்ட் ஆகும் என்று எல்லோரிடமும் சொன்னதுபோல அவரிடமும் சொல்லியிருந்தார்கள்.

அந்த வருஷம் எங்கள் மனமகிழ் மன்றம் மேற்கே ஒரு மலைக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்தது. மேகத்துக்கும் மேலே, வரையாடுகளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம். துப்பாக்கி கூடாது, கோடாலி கூடாது, மண் தோண்டக் கூடாது. விதிகளைப் படித்த உற்சாகத்தில், "அங்க ஒரு புல்லைக்கூடப் பிடுங்க முடியாது" என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அத்த ஒரு தபா பாக்கணுங்க" என்றார்.

மன்றத்தின் பேருந்தில் பெர்மனென்ட் ஊழியர்களுக்கு மட்டுமே இடம். ஆனால் சமையலுக்கு உதவியாள் அழைத்துப் போகலாம் என்றும் ஒரு விதி இருந்தது. எல்லா விதிக்கும் பக்கத்தில் இன்னொரு விதி இருக்கும். அதைத் தெரிந்துவைத்திருந்ததற்குத்தான் எனக்குச் சம்பளம். கடைசி வரிசையில், அண்டாவை அணைத்துக்கொண்டு அவர் வந்தார்.

மலையில் வனக்காவலர் எங்களை வரிசையாக நடத்திச் சென்றார். மரமே இல்லாத புல்மேடுகள்; பள்ளங்களில் மட்டும் இருண்ட சோலைகள். குளிரில் குரங்குக் குல்லாய்க்குள் எல்லோரும் ஒரே சாயலாகத் தெரிந்தோம். சமையல் உதவியாளாக வந்த அவர் மட்டும் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, காலை அழுத்தாமல் நடந்தார், கோயிலுக்குள் நடப்பதுபோல.

ஓர் ஓடை கரையை அரித்திருந்த இடத்தில் எங்கள் துளைப்புப் பிரிவு இன்ஜினியர் நின்றுவிட்டார். புல்லுக்குக் கீழே ஓர் ஆள் இடுப்பளவுக்குக் கன்னங்கரேலென்று மண். கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, பழுப்புக் கோடு விழுகிறதா என்று பார்த்து, முகர்ந்தார். நெய்வேலிக்காரர்கள் எந்த ஊரில் கறுப்பு மண்ணைக் கண்டாலும் இதைத்தான் செய்வார்கள். நானும் செய்தேன். கோடு விழுந்தது.

"சார், லிக்னைட்! மேலயே கிடக்கு சார்!" என்று கூவினார் இன்ஜினியர்.

அண்டாவோடு வந்தவர் ஓடைக்குள் இறங்கி, அந்தக் கரையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"கொஞ்சம் தள்ளுப்பா, ஒரு கட்டி எடுக்கணும்" என்றார் இன்ஜினியர்.

"வாணாங்க."

"ஏம்ப்பா, உன் பாட்டன் சொத்தா?"

"பாட்டன் சொத்தத்தான் குடுத்துட்டனுங்களே. எங்க கெணத்துலயும் மொதல்ல இப்பிடித்தாங்க கறுப்பு மண்ணு காட்டுச்சு." பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, புல்லப் புடுங்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. அந்தச் சட்டம் பெருசுங்களா, நம்ம வூட்ட எடுத்த சட்டம் பெருசுங்களா?"

எது பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மண் மாதிரி, அறிக்கை, அறிவிப்பு, ஆட்சேபம் கேட்கும் நாள், ஆட்சேபம் தள்ளுபடி: அந்த வரிசையை உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அந்த நேரத்தில் எதிர்ப்பாறையில் வரையாடுகள் வந்தன. வனக்காவலர் உட்பட எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை, இன்ஜினியரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் நாலடி தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் ஒரு கட்டியைப் பெயர்த்து டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டார். கரை நீளமானது. ஓர் ஆளின் முதுகு எவ்வளவுதான் மறைக்கும்?

திரும்பும் வழியில், அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சாப்பிடவில்லை.

ஊருக்கு வந்தபின் இன்ஜினியர் கட்டியை உலர்த்தினார். பாதியாகச் சுருங்கி, வேரும் நாருமாக உதிர்ந்தது. "கரி இல்ல சார். தண்ணியில அழுகின வெறும் புல்லு" என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல.

அன்றே சுரங்கத்துக்கு இறங்கிப் போனேன். பெல்ட் பழுதாகி நின்றிருந்தது. அவர் மண்வெட்டியோடு குந்தியிருந்தார்.

"அது கரி இல்லப்பா. அழுகின புல்லாம். மலைக்கு ஒண்ணும் ஆவாது."

"இங்க இருக்கிற கரியும் ஒரு காலத்துல காடுதான்னு நீங்கதானங்க சொன்னீங்க?"

"அதுக்கு கோடிக்கணக்கான வருஷம் ஆகும்."

"ஆவுமில்ல?"

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆடுங்க எப்பிடிங்க இருந்துச்சு? நான் பாக்கல" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பெரிய கிடா ஒன்று முன்னால் வந்து நின்றதை, அதன் முதுகில் சாம்பல் பூசியதுபோல இருந்ததை, குட்டிகள் செங்குத்துப் பாறையில் கால் வழுக்காமல் இறங்கியதை. சொல்லி முடிப்பதற்குள் பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.