பஸ் நேரம் சொல்லும் பக்கம்

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். திருச்சுழி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். ஒரு நாளைக்கு நான்கே முறைதான் பஸ். அதனால் ஊர்க்காரர்கள் போன் செய்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "நம்ம வண்டி கெளம்பிருச்சா?" மருந்தை எடுத்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்துச் சொல்வேன். முதலாளி ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏம்மா, நாம நடத்துறது மருந்துக்கடையா, பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எனக்கு உறுத்தியது. நேரங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோகும். ஒரு இணையப் பக்கம் இருந்தால் எப்போது திறந்தாலும் அதே இடத்தில் இருக்கும். ஆனால் நான் பிளஸ் டூவில் வரலாறு குரூப். கம்ப்யூட்டரில் பில் போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் போகும்போது போனில் தமிழ் வீடியோக்களைப் பார்த்தேன். மத்தியானம் கூட்டம் குறைந்ததும், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கடைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன்.

ஆங்கிலத்தில் அடித்தவரை சரியாகத்தான் வந்தது. பஸ் நேரங்களைத் தமிழில் அடித்துத் திறந்தால் திரையில் தமிழே இல்லை. எங்கள் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில a-வும் ஏதேதோ புரியாத குறிகளும். அழுகையே வந்துவிட்டது. இதெல்லாம் நமக்கானதில்லை என்று இரண்டு நாள் தொடவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு வீடியோவில் காரணம் தெரிந்தது. எழுத்துகள் எந்தக் குறியீட்டு முறையில் இருக்கின்றன என்று பக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி எழுத வேண்டுமாம். எழுதினேன். ஊர்ப் பெயர் தமிழில் வந்து நின்றது. எதிரே ஒருவர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காதிலேயே விழவில்லை.

இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் ஏற்றி, ஊர்க் குழுவில் அனுப்பினேன். கடைக்கு வரும் போன் குறைந்தது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். எங்கள் தெரு மதினி ஒருவர் வேர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் வந்தார். அவர் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். இவர்தான் பஸ்ஸில் கூட்டிவருவார்.

"ஏத்தா, நீ பன்னெண்டரைன்னு போட்டிருந்த. வண்டி பன்னெண்டுக்கே போயிருச்சாம்ல. வெயில்ல நின்னு நின்னு உங்க அண்ணன் ஏலாம தரையிலயே உக்காந்துட்டாக. பெறகு ஒரு லோடு வண்டியில ஏறி வாரோம்."

ஊரிலிருந்து கிளம்பும் மத்தியான வண்டிக்கு நேரம் மாறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் வந்து சாயங்காலம் திரும்பும் எனக்கு அது தெரியவில்லை.

"தப்பு எம்மேலதான் மதினி. இன்னைக்கே அந்தப் பக்கத்த எடுத்துர்றேன்."

"எதுக்கு எடுக்குற? அதுல வண்டி நேரம் பாத்துத்தான அவுகளுக்குக் கஞ்சியே குடுக்குறேன். நேரத்தச் சரியாப் போடு. இனி மாறுச்சுன்னா நான் போன் பண்றேன்."

பன்னிரண்டரையைப் பன்னிரண்டாகத் திருத்திவிட்டு, வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நேரம் போடுறது சரித்தா. திரும்பி வாரப்ப எந்த வண்டியில உக்கார எடம் கெடைக்கும்னும் அதுல போட முடியுமா? இது முடிஞ்சா நிக்க ஏலாது."

எனக்கு அது தோன்றியதே இல்லை. கண்டக்டர்களிடம் விசாரித்தேன். பட்டியலில் இன்னொரு கட்டம் சேர்க்கத் தெரியாமல் ஒரு வாரம் தடுமாறினேன். நடுவில் பட்டியலே இரண்டு தடவை கலைந்துபோனது. இப்போது ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் 'இடம் கிடைக்கும்', 'கூட்டம்' என்று இருக்கிறது. அண்ணனும் மதினியும் ஏழு மணி வண்டியில் உட்கார்ந்து போகிறார்கள்.