கோணிப்பையில் வந்த சாட்சி

"தேவகி அக்கா போயிட்டாங்க சார்" என்று பசியாவரத்திலிருந்து ஏழுமலை போனில் சொன்னார். அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஆரம்பாக்கத்தில் இருந்துகொண்டு ஏரிக்கரை ஊர்களுக்கெல்லாம் படகுக் காப்பீடு எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் தேவகி அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயரான எனக்கு அவர் முதலில் சண்டைக்காரியாகத்தான் அறிமுகமானார்.

ஏழுமலையின் ஃபைபர் படகு புயலில் கல்லில் மோதி அடிப்பாகம் உடைந்ததாக கிளெய்ம் வந்தது. நான் போய்ப் பார்த்தால், படகில் ஓட்டையே இல்லை. ஒட்டுப்போட்டு, பெயின்ட்டும் அடித்திருந்தார்கள்.

"இன்னா சார் பண்றது, என் பாடு வந்துடுச்சு" என்றார் ஏழுமலை.

எனக்குப் புரியவில்லை, கேட்கவுமில்லை. ஏமாற்றுவேலை என்று முடிவுகட்டி, கிளெய்மைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அறிக்கை எழுதினேன். அவருக்கு இருந்ததோ அந்த ஒரே படகு. அடிப்பாகத்தை முழுதாக மாற்றாவிட்டால் அது அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது.

அறிக்கையை அனுப்புவதற்குள் தேவகி அம்மா ஒரு கோணிப்பையோடு என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். மேசைமேலேயே கொட்டினார். படகிலிருந்து அறுத்தெடுத்த உடைந்த துண்டுகள்.

"ஏரியில யார் என்னிக்கு வலை போடணும்னு ஊரே முறை வெச்சிருக்கு சார். அதான் பாடு. அத வுட்டா, அடுத்த முறை வர்ற வரைக்கும் சும்மா குந்திக்கினு இருக்கணும். நீங்க வர்றீங்கனு அது நிக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்ந்தார். "இஞ்சினும் போச்சுனு எழுதச் சொன்னான். அது நல்லாத்தான் ஓடுது, எழுத மாட்டேன்னுட்டேன். அவனுக்காகத்தான் பேச வந்திருக்கேன். அதுக்குனு உங்க கம்பெனிகிட்ட பொய் சொன்னா, நாளைக்கு என் நிஜத்த யார் நம்புவாங்க?"

வெட்கமாக இருந்தது. மறுநாளே துண்டுகளோடு பசியாவரம் போனேன். படகைக் கரையேற்றி, ஒட்டைப் பிரித்து, துண்டுகளை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம். அச்சாகப் பொருந்தின. அறிக்கையை மாற்றி எழுதினேன், கிளெய்ம் கிடைத்தது. தேவகி அம்மா அதோடு விடவில்லை. "ஒட்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணா உன் கை தேஞ்சா பூடும்?" என்று என் முன்னாலேயே ஏழுமலையை ஒரு பிடி பிடித்தார். அவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

பிறகு பல வருடங்கள் தேவகி அம்மாவோடு வேலை செய்தேன். ஒருமுறைகூட அவர் கொண்டுவந்த தாளில் நான் பொய்யைப் பார்த்ததில்லை. அவர் இல்லாமல் அந்தக் கரைக்கு எப்படிப் போவது என்றுதான் கலங்கிப்போயிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் ஏழுமலை மறுபடி போன் செய்தார். "எதிர்வீட்டான் படகு ஒடஞ்சுபோச்சு சார். அக்கா சொன்ன மாதிரி இன்னும் கை வெக்கல. போட்டோ எடுத்து வெச்சிருக்கோம்."

"அவர் பாடு என்னிக்கு?" என்று கேட்டேன்.

"நாளன்னிக்கு சார்."

"நாளைக்கே வரேன்" என்றேன்.

தேவகி அம்மா எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வியைத்தான்.