வள்ளங்களுக்கு வழி தேடிய ஜெயராணி மிஸ்

பிலிமத்தலாவையில் என் கடையைத் திறந்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஜெயராணி மிஸ்ஸின் தங்கை மகள் சுகந்தி பேசினாள். "றியாஸ் அண்ணை, பெரியம்மா விடிய மோசம் போயிட்டா" என்றாள். கொஞ்ச நாளாகவே எதிர்பார்த்திருந்த சாவுச் செய்திதான். ஆனாலும் கையில் இருந்த துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். ஒருவர் உள்ளே வந்து ஏதோ கேபிளுக்கு விலை கேட்டார். சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

கண்டியில், ஹந்தானை மலைச் சரிவில் இருந்த அந்தச் சின்ன நிவாரண அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களில் பலர் இன்று வெவ்வேறு நாடுகளில் இருக்கிறீர்கள். இறுதிக் கிரியைக்கு உங்களில் யாராலும் வர முடியவில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு பழகிய நாட்களை யாரோடாவது பேசிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்பதும் உண்மை.

வடக்குக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம் அவர் பிறந்த ஊர். படித்து, கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைபவராக இருந்தார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வாடகை வீடு எரிந்தது. உயிர் தப்பிய பலர் கப்பலில் ஊருக்குப் போனபோது, கண்டியில் ஒரு வேலை காலியாக இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி இவர் ரயிலேறினார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்பதுதான் எண்ணம். பிறகு போர் பாதையை மூடியது. ஊர் இராணுவ வலயத்துக்குள் போனது. கொஞ்ச நாள் என்பது வாழ்க்கை முழுவதுமானது. நான் கலகெதரவில் பிறந்து வளர்ந்தவன். இந்த மலைகளைப் பார்த்தால் எனக்கு வீடு என்று தோன்றும். அவருக்கு மூச்சு முட்டும். "சுத்திவர மலை. எந்தப் பக்கம் பாத்தாலும் முடிஞ்சு போகுது" என்பார்.

சுனாமிக்குப் பிறகுதான் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். கிழக்குக் கரையில் எங்கள் அமைப்பு புதிய ஃபைபர் வள்ளங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவற்றுக்குத் திசை காட்டும் மின்னணுக் கருவிகளும் வாங்கலாம் என்று நன்கொடையாளர்கள் சொன்னார்கள். எந்தக் கருவி, எந்தக் கடல் வரைபடம், எந்த மென்பொருள் என்று பார்த்துத் தெரிவு செய்யும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. எனக்கு மின்னணுப் பொருட்கள் தெரியும். கடலை நான் நீர்கொழும்பில் காலை நனைத்த அளவுக்குத்தான் அறிவேன். அவருக்கு வரைபடமும் தெரியும், கடலும் தெரியும்.

முதலில் வந்த விற்பனைப் பிரதிநிதியை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். கழுத்துப்பட்டியும் மடிக்கணினியுமாகக் கொழும்பிலிருந்து வந்தவர். வண்ணத் திரை வைத்த கருவியை மேசையில் வைத்து, தண்ணீர் புகாது, உப்புக்காற்றுக்குத் தாங்கும் என்று அழகாகச் சொல்லிக்கொண்டே போனார். மிஸ் எழுந்து சமையலறைக்குப் போனார். உப்பைக் கரைத்த தண்ணீர் வாளியோடு வந்தார்.

"இதுக்குள்ள போடட்டோ?"

"ஐயோ மிஸ், வேணாம்! அது சாம்பிள்!"

"நீங்கள்தானே தண்ணி போகாது எண்டு சொன்னனீங்கள்?"

"போகாது மிஸ். ஆனா போட வேணாமே."

மிஸ் போட்டார். பகல் சாப்பாடு முடியும்வரை அது வாளிக்குள் கிடந்தது. அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே எடுத்தபோது கருவி வேலை செய்தது. உடனே மிஸ் தன் கையில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். வழுக்கியது. "மீன் பிடிக்கிற கை இப்பிடித்தான் இருக்கும்" என்றார். முற்றத்து வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தார். அந்த அழகான வண்ணத் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

சிரிப்பு அதோடு நின்றது. பிரதிநிதி மடிக்கணினியில் கடல் வரைபட மென்பொருளைத் திறந்து காட்டினார். இலங்கைக் கரை முழுவதும் அதில் இருந்தது. மிஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டப் போனார். கிழக்கைப் பார்ப்பதற்குப் பதிலாக வடக்குக் கரைக்குப் படத்தை நகர்த்தினார். பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். தன் ஊருக்கு முன்னால் நிறுத்தினார். கரையை ஒட்டி முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, ஒரே கோடாக நீண்டு கிடந்தது.

"இதில வான் எங்க?" என்று கேட்டார்.

பிரதிநிதிக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பாரை வெட்டி வள்ளங்கள் வந்துபோக ஊரவர்கள் வைத்திருக்கும் ஒடுங்கிய பாதையைத்தான் அங்கே வான் என்பார்கள் என்று பிறகு மிஸ் விளக்கினார். "இது புது வரைபடம் மிஸ். எல்லாமே இருக்கும்" என்றார் பிரதிநிதி.

"தம்பி, நான் அந்த வானுக்குள்ள நீந்திப் பழகினனான். உதில அது இல்லை." குரல் உயரவேயில்லை. "படத்தைப் பெருப்பிச்சால் கோடுதான் பெருக்கும். அளக்காத கடல் அளந்ததாய் வராது."

பிரதிநிதி போன பிறகு மிஸ் தன் தம்பி குகனைப் பற்றிச் சொன்னார். அதுவரை எங்கள் யாருக்கும் சொல்லாத கதை அது. போர்க்காலத்தில் ஊரில் இருந்தவன் குகன். கரையில் ஒரு விளக்கும் எரியாத காலம். மின்சாரம் இல்லை. அரிக்கன் லாம்பையும் மூடித்தான் வைப்பார்கள். கடலுக்குப் போனவன் திரும்பும்போது காற்று மாறிவிட்டது. வான் எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் வள்ளம் பாரில் அடித்தது. உடல் மறுநாள் கரை ஒதுங்கியது. கண்டிக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்துவிட்டது. பாதை பூட்டியிருந்ததால் அவரால் போகவும் முடியவில்லை.

"வீட்டுக்கு முன்னாலதான் செத்தவன், றியாஸ். வீட்டுப் படலை தெரியிற தூரம்."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல், ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

எங்கள் இணைப்பாளருக்கு வண்ணத் திரைக் கருவிகள்தான் வேண்டும். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் படங்களில் அவை எடுப்பாக இருக்கும். கூட்டத்தில் மிஸ் தனியாக நின்று வாதாடினார். நம் கரைகளின் பழைய அளவைகளும் செயற்கைக்கோள் காட்டும் இடமும் எல்லா இடங்களிலும் பொருந்துவதில்லை என்றார். திரையில் பாதுகாப்பாகத் தெரியும் வள்ளம் உண்மையில் கல்லுக்கு மேல் நிற்கக்கூடும் என்றார்.

"ஒண்டும் இல்லாதவன் பயந்து பயந்து வருவான். கலர்ப் படம் வைச்சிருக்கிறவன் நம்பி வருவான். நம்பி வந்து சாகக்கூடாது" என்றார்.

கடைசியில் அவர் சொன்னதே தீர்மானமானது. சின்ன வள்ளங்களுக்கு வரைபடம் இல்லாத எளிய கைக்கருவி. தடித்த பொத்தான்கள், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பற்றரி. மீனவரே தம் துறைமுகத்தையும் வழியையும் பகல் வெளிச்சத்தில் போய் அதில் பதிந்துகொள்வார்கள். பெரிய படகுகளுக்கு மட்டும் திரைக் கருவி, அதுவும் இடத்துக்கு இடம் சரிபார்த்த பிறகு.

அந்தச் சரிபார்ப்புக்குப் பழகத்தான் ஒருநாள் கண்டிக் குளத்தில் படகு வாடகைக்கு எடுத்தோம். அசையும் படகில் திரை தெரிகிறதா, பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. போர்நிறுத்த காலம் என்றாலும் குளக்கரையில் புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகைப் பக்கம் காவல் குறைந்திருக்கவில்லை. இரண்டாவது சுற்றில் கரையிலிருந்து விசில் ஊதினார்கள். கரைக்கு வந்ததும் அடையாள அட்டைகளை வாங்கினார்கள். என்னுடையதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பிறந்த இடம் வடக்கு என்றிருந்த மிஸ்ஸின் அட்டையைத் தரவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் முச்சக்கர வண்டியில் பின்னால் போனேன்.

பொலிஸ் நிலையத்தில் அவரை ஒரு மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். கை மடியில் இருந்தது, முகம் வெளிறியிருந்தது. பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார், அவரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். ஒரு தமிழ்ப் பெண் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் இடம் குறிக்கும் கருவியோடு படகில் சுற்றியதற்குக் காரணம் என்ன என்பதே கேள்வி. நான் அமைப்பின் கடிதத் தலைப்பையும் இணைப்பாளரின் எண்ணையும் கொடுத்தேன். அதிகாரி இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

"இதில் கண்டியைக் காட்டு" என்று கருவியை மிஸ்ஸிடம் நீட்டினார்.

மிஸ் அதை இயக்கினார். திரை முழுவதும் வெறும் மஞ்சளாக வந்தது. தெருவும் இல்லை, குளமும் இல்லை, மாளிகையும் இல்லை. அதிகாரி வாங்கிப் பொத்தான்களை அழுத்தினார். மஞ்சள்தான்.

"கண்டி எங்கே?"

"இது கடல் வரைபடம் ஐயா. தரையெல்லாம் இதில் வெறும் மஞ்சள். கடல்காரருக்குக் கண்டி இல்லை."

அவர் திரையையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இணைப்பாளரின் எண்ணைச் சுழற்றினார். மாலையில் எங்களை விட்டார்கள். கருவியை மட்டும் விசாரணைக்கென்று வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து பஸ் தரிப்பிடம் வரும்வரை மிஸ் நன்றாகத்தான் நடந்து வந்தார். அங்கே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நாளைக்கு வேலைக்கு வராதீங்க மிஸ். ரெண்டு நாள் வீட்டுல இருங்க" என்றேன்.

"வராமல்? நான் வாறன்" என்றார். வந்தார்.

கருவிகளை மீனவர்களுக்குக் கொடுக்க அரசாங்க அனுமதி இழுபட்டு இழுபட்டு, கேட்டதில் ஒரு பகுதிக்குத்தான் கிடைத்தது. அவற்றைக் கொடுத்த பின் வந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை அலுவலகத் தொலைபேசியில் ஒரு மீனவர் பேசினார். கல்முனைப் பக்கத்து மனிதர். இயந்திரம் நின்று வள்ளம் இழுபட்டுப் போயிருக்கிறது. கருவி காட்டிய எண்களைக் கைத்தொலைபேசியில் கரைக்குச் சொல்லியிருக்கிறார்கள். தேடிப் போன வள்ளம் நேராக அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"மிஸ், நாங்க எல்லாரும் வந்து சேந்துட்டம். ஊட்ட இருந்துதான் பேசுறன்" என்ற குரல் எனக்கும் கேட்டது.

"நல்லது தம்பி. சாப்பிட்டிட்டுப் படுங்கோ" என்று மிஸ் ரிசீவரை வைத்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். "அவனிட்டை ஒண்டு இருந்திருந்தால்" என்று மட்டும் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. போர் மறுபடி மூண்டது. பாதுகாப்புக் காரணம் காட்டி, கொடுத்த கருவிகளைத் திருப்பி வாங்கும்படி உத்தரவு வந்தது. நாங்களே போய் வாங்கினோம். அந்தக் கல்முனைக்காரர் தன்னுடையதை உடுத்தும் சாரம் ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்து மிஸ்ஸின் கையில் கொடுத்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் மிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். அலுவலகமும் கொஞ்ச காலத்தில் மூடப்பட்டது.

போர் முடிந்து நெடுநாள் கழித்து, அவருடைய ஊரில் ஒரு பகுதியை விடுவித்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் இருந்தது. கரைக்கும் எங்களுக்கும் நடுவில் முள்வேலி. கடல் தெரிந்தது, இரைந்தது, ஆனால் போக முடியாது. மிஸ் காவலில் நின்ற இளம் சிப்பாயிடம் போய், கால் மட்டும் நனைத்துவிட்டு வரட்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். அவன் தலையை ஆட்டி மறுத்தான். மிஸ் அங்கேயே நின்றார். நரைத்த தலை, கண்டிக் குளிருக்குப் போட்டுப் பழகிய ஸ்வெட்டர், அந்த வெயிலில். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த சிப்பாய், பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேலியின் தடுப்புக் கட்டையை விலக்கி, சீக்கிரம் வரும்படி கையைக் காட்டினான்.

செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு இறங்கினார். முழங்கால்வரை நனைந்த சேலையோடு, வான் இருந்த பக்கம் பார்த்து நின்றார். சிப்பாய் கூப்பிட்டதும் திரும்பினார். வாகனத்தில் ஏறி, கண்டிக்கு வந்து இறங்கும்போதுதான் தெரிந்தது, வெறுங்காலோடு வந்திருக்கிறார் என்று.

"செருப்பை அங்க விட்டிட்டன், றியாஸ். எடுக்கப் போகவேணும்" என்றார்.

அதற்குப் பிறகு எப்போது பார்க்கப் போனாலும், முழங்கால் வலியைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசிவிட்டு, நடுவில் அதைச் சொல்வார். நானும் "போவோம் மிஸ், அடுத்த மாசம் போவோம்" என்பேன். அதற்கு வழி வரவில்லை.

தெரியாததைத் தெரிந்ததாக வரையக் கூடாது என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்றும் கடைக்கு வந்து கருவி கேட்பவர்களிடம், எனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்கிறேன். ஆனால் அதைவிட அதிகமாக என்னிடம் இருப்பது அந்த ஏக்கம். கடலோடு சம்பந்தமே இல்லாத கலகெதரக்காரன் நான். இப்போதெல்லாம் கடை பூட்டிவிட்டு மலைகளைப் பார்க்கும்போது, அவற்றுக்கு அந்தப் பக்கம் எனக்கும் ஏதோ இருப்பது போல, போய் எடுத்துவர வேண்டியது போல இருக்கிறது. மிஸ்ஸின் சாம்பலை அவர் ஊர்க் கடலில் கரைக்கச் சுகந்தி அடுத்த வாரம் வடக்கே போகிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.