பிரதம விருந்தினராக ஒரு ரசிகன்

போன வருடம், மழை விட்டு வெயில் ஏறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கொட்டாஞ்சேனையில் ஒரு சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு வயது எழுபத்துநான்கு.

அந்த வயதில் நான் ஏன் கிட்டார் நிகழ்ச்சிக்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு, கொள்ளுப்பிட்டியில் மருந்து வாங்கிக்கொண்டு வரும்போது பெரிய மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக ஒரு கோப்பிக் கடையின் மேல்மாடிக்கு ஏறினேன். பதினேழு படி. மேலே மூன்று பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாடியவள் ஒரு பெண்பிள்ளை. பக்கத்தில் கிட்டாருடன் ஒருவன். மூன்றாவது ஆள் ஒரு சிங்களப் பையன்; மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான். சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை, எல்லாம் அவர்களே எழுதியவை. அதில் ஒன்று, கடற்கரைப் பக்கத்து மாடி வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு மூன்று நாளாகியும் காயாத உடுப்புகளைப் பற்றியது. நான் வெள்ளவத்தையில் கடலோரத்து ஒழுங்கையில், ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். அந்த உடுப்பெல்லாம் என்னுடையவை. இப்படியொன்றைப் பாட்டில் வைக்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்று என்னோடு சேர்த்துக் கேட்டவர்கள் பதினொரு பேர். அதன் பிறகு அவர்கள் எங்கே பாடினாலும் நான் போனேன். ஒன்பது நிகழ்ச்சி, இருபத்திரண்டு பாட்டு. எப்போதும் பின்சுவரோடு ஒட்டி நிற்பேன். இளம் பிள்ளைகள் ஆடும் இடத்தில் ஒரு கிழவன் நிற்பது அவர்களுக்குக் கூச்சமாக இருக்குமோ என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. முடிந்ததும் யாரோடும் கதைக்காமல் வந்துவிடுவேன். இரண்டொரு தடவை பாடகி கண்டு, "அங்கிள், திரும்பவும் வந்திருக்கீங்க" என்று சிரித்திருக்கிறாள். அவ்வளவுதான் பழக்கம்.

கொட்டாஞ்சேனை நிகழ்ச்சி அவர்கள் சொந்தமாக மண்டபம் எடுத்து நடத்திய முதல் நிகழ்ச்சி. நான்கு மணிக்கு ஆரம்பம். கோட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ்; ரயில் பிந்தினால், பஸ் நெரிசலில் நின்றால் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கிக் கிளம்பியதில் மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். கதிரை போட்ட மண்டப நிகழ்ச்சி என்றபடியால் முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

வாசலில் நின்றவர் சங்கத்தின் செயலாளர். அறுபது வயது இருக்கும். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க ஐயா, வாங்க. இவ்வளவு நேரத்தோட வருவீங்கன்னு நினைக்கல. ரொம்ப சந்தோஷம்."

பன்னீர் தெளித்தார். சந்தனம் வைத்தார். ஒரு மாலையும் கழுத்தில் விழுந்தது. மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த சோபாவுக்குக் கூட்டிப்போய் இருத்தினார். முதியவர்களுக்குக் கொட்டாஞ்சேனையில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெள்ளவத்தையில் நாங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கே தலையசைக்க யோசிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

உட்கார்ந்தபடி எண்ணினேன். கதிரைகள் நூற்று அறுபது. மின்விசிறிகள் பதினான்கு, ஓடியது பதினொன்று. வெளியே போக இரண்டு கதவு. அதில் ஒன்று பூட்டியிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"அந்தக் கதவைத் திறந்து வையுங்கோ. அவசரமெண்டா இவ்வளவு சனமும் ஒரு கதவாலயோ போறது?" என்றேன்.

"சரிங்க ஐயா" என்று அவரே ஓடிப்போய்த் திறந்தார். நடைபாதையில் கிடந்த வயரை ஒட்டச் சொன்னேன், ஒட்டினார்கள். தண்ணீர் எங்கே என்றேன். தோடம்பழப் பானமே வந்தது. எனக்குச் சீனி கூடாது, அது வேறு விஷயம். வயது போனவன் சொல்வதை இவ்வளவு மதிக்கும் ஒரு மண்டபத்தை என் வாழ்க்கையில் கண்டதில்லை.

மூன்றே முக்காலுக்குப் பாடகி மேடைப் பக்கத்துக் கதவால் எட்டிப் பார்த்தாள். மாலையும் சந்தனமுமாக நான் இருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குனிந்தபடி வந்து என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். பெட்டி தட்டும் பையனும் பின்னால் வந்தான்.

"அங்கிள், உங்களுக்கு யார் மாலை போட்டது?"

"செயலாளர்தான். ஏன் பிள்ளை?"

அவள் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். பிரதம விருந்தினர் ஒருவர் வந்து விளக்கேற்றினால்தான் அந்தச் சங்கம் மண்டபம் கொடுக்கும். முன்பு யாரோ கூத்தடித்துக் கதிரைகளை உடைத்ததிலிருந்து அப்படி ஒரு விதி. அதற்காக, வத்தளையில் இருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரைக் கேட்டு, சங்கத்துக்கு மட்டும் அவர் பெயரில் அழைப்பிதழ் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அதிபருக்குக் காய்ச்சல், வரவில்லை என்று சற்று முன்புதான் செய்தி வந்திருக்கிறது. செயலாளர் அவரை முன்னே பின்னே கண்டவர் இல்லை. வெள்ளைச் சட்டையோடு முதலில் வந்த முதியவரைப் பிடித்து மாலையைப் போட்டுவிட்டார்.

எனக்கு வியர்த்துவிட்டது. கதவைத் திறக்கச் சொன்னது, வயரை ஒட்டச் சொன்னது எல்லாம் வேறொருவருடைய மரியாதையில் நடந்திருக்கிறது.

"அனே அங்கிள், ஒண்ணும் பேச வேணாம்" என்றான் பெட்டிப் பையன். "விளக்கு மட்டும் பத்த வைங்க. நாங்க பொய் சொல்லல்ல, நீங்களும் சொல்லல்ல. அவரா நினைச்சது."

"தம்பி, இன்னொருத்தற்ர பேரில நான் ஒரு கையெழுத்தும் வைச்சதில்லை. விளக்கும் அப்பிடித்தான்."

முப்பத்தாறு வருடம் அரச திணைக்களத்தில் கட்டட அளவுகளைக் கணக்கிட்டவன் நான். மேலதிகாரி கேட்டும் ஓர் அங்குலத்தைக் கூட்டி எழுதியதில்லை.

பாடகி என்னைக் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். "சரி அங்கிள், நான் போய் அவர்ட்ட உண்மையைச் சொல்றேன்" என்று எழுந்தாள். பிறகு, "மூணாவது வரிசையில பச்சை சாரி, அதுதான் எங்க அம்மா. நான் பாடுறதைக் கேக்க இன்னைக்குத்தான் முதல் முதல் வந்திருக்காங்க. ரெண்டு வருஷமா கூப்பிட்டு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். பச்சைச் சேலைக்காரி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தா. இருபுறமும் அவர்களுடைய ஒழுங்கையில் குடியிருக்கும் அயலவர்கள், ஒரு வரிசை நிறைய. மண்டபத்தில் அப்போது நூற்று நாற்பத்தாறு பேர். விஷயம் வெளிப்பட்டால் செயலாளர் மேடைக்கு மின்சாரம் கொடுக்க மாட்டார். சுவிட்ச் பெட்டியின் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. இவ்வளவு சனத்தின் முன்னால் நிகழ்ச்சி நின்றுபோனால் அந்தத் தாய் இன்னொரு தடவை வருவாவா?

"பிள்ளை, நில்லு. நீ போகாதை. மாலை என்ர கழுத்தில கிடக்குது, நான்தான் சொல்லவேணும்."

செயலாளர் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, "நான் அந்த அதிபர் இல்லை. அவருக்குச் சுகமில்லை, வரேல்லை" என்றேன்.

அவர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க யாருங்க?"

"இவையின்ர ரசிகன்."

"ரசிகனா? ரசிகனுக்கா ஐயா நான் பன்னீர் தெளிச்சேன்?"

"நீங்கள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. என்ர பிழையும் இருக்குது."

"பிரதம விருந்தினர் இல்லாம சுவிட்ச் போட முடியாதுங்க. கமிட்டி என்னைத்தான் கேக்கும். எழுதி ஒட்டியிருக்கு, பாருங்க." வாசல் பக்கச் சுவரைக் காட்டினார்.

எழுதி ஒட்டியது எதையும் நான் வாசிக்காமல் விடுவதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனேன். மொத்தம் பதினெட்டு விதி. ஏழாவதில், நிகழ்ச்சி பிரதம விருந்தினர் ஒருவரால் மங்கள விளக்கேற்றி ஆரம்பிக்கப்பட வேண்டும் என்று இருந்தது. இரண்டு தடவை வாசித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"இதில அதிபரெண்டு இல்லை. டொக்டரெண்டும் இல்லை. ஒருவர் எண்டுதான் கிடக்குது."

"அதுக்காக வாறவங்க போறவங்க எல்லாம் ஏத்தலாமா? அவங்களுக்கு ஒரு தகுதி வேணாமா?"

அப்போது எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. வீட்டில் பால்காரனோடுகூட நான் சத்தமாகக் கதைப்பதில்லை.

"தகுதியோ? நீங்கள் பாத்துக்கொண்டிருந்த அதிபர் இவையின்ர ஒரு பாட்டாவது கேட்டவரோ? நான் ஒன்பது தரம் நிண்டு கேட்டனான். நிண்டு. இருபத்திரண்டு பாட்டுக்கும் முதல் அடியும் கடைசி அடியும் சொல்லுவன். இந்த மண்டபத்தில என்னைவிடக் கூடக் கேட்ட ஆள் ஒருத்தர் இருந்தா அவரைக் கூப்பிட்டு விளக்கேத்துங்கோ. நான் பின்னுக்குப் போய் நிக்கிறன்."

செயலாளர் மூன்றாவது வரிசையை ஒரு தடவை பார்த்தார். அவருக்கும் அந்த ஒழுங்கைக்காரர்களைத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, "இந்த வயசுல ஒன்பது தடவை நின்னீங்களா? காலு வலிக்கலையா?" என்றார்.

"வலிச்சது."

அவர் மாலையை மறுபடி என் கழுத்தில் போட்டார். "பேரை மாத்தி அறிவிக்கணும். உத்தியோகம் என்னன்னு சொல்றது? ஓய்வுபெற்ற ஏதாவது இருக்குமே?"

இருந்தது. நல்ல பதவிதான், சொன்னால் மண்டபம் மதிக்கும். ஆனால் அந்தப் பதவிக்கும் இந்தப் பாட்டுகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"ரசிகர் எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

அவர் மண்டபத்துக்குச் சொந்தமான ஒலிவாங்கியில் அதை அப்படியே சொன்னார்: "இன்றைய நிகழ்வின் பிரதம விருந்தினர், ரசிகர்" என்று சொல்லி என் பெயரைச் சொன்னார். பின்வரிசைகளில் இருந்து கைதட்டல் எழும்பியது. யாரோ விசில் அடித்தார்கள். அந்தப் பக்கத்தில் நின்றவர்கள், நான் இரண்டு வருடமாகப் பின்சுவரில் ஒட்டிநின்றபோது என்னோடு நின்ற அதே பிள்ளைகள். அவர்களுக்கு என்னை முன்பே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "ரசிகர் அங்கிள்" என்று ஒருத்தி கத்தினாள்.

மூன்று தீக்குச்சி அணைந்தது. மேடைக்கு நேரே இருந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, நாலாவதில் ஏற்றினேன். பேசவும் வேண்டுமாம். எழுதிவைக்காமல் பேசியது அன்றுதான்.

"இவையை முதல் கேக்கேக்க நாங்கள் பதினொரு பேர். அதில நான் மழைக்கு ஒதுங்கினவன்" என்றேன். சிரித்தார்கள். "மழை விட்டாப் பிறகும் நான் போகேல்லை."

அதற்கு மேல் என்ன சொல்ல என்று நிற்கையில், கைதட்டல் தொடங்கிவிட்டது. ஆனால் நான் விடவில்லை. எந்தப் பாட்டு எனக்கு ஏன் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலு நிமிடம் ஆகியது என்று பிறகு பெட்டிப் பையன் சொன்னான்.

செயலாளர் சுவிட்சைப் போட்டார். அவர்கள் பதினான்கு பாட்டுப் பாடினார்கள். நான் சோபாவில் இருந்து கேட்டேன். பின்சுவரில் கேட்டதைவிட அங்கே ஒலி கொஞ்சம் மோசம்தான். காயாத உடுப்புப் பாட்டு வந்தபோது மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தத் தாயின் கைப்பை மடியில் இல்லை, கீழே கிடந்தது. பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, "இது எங்க பால்கனிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தா.

முடிந்ததும் அவ என்னிடம் வந்தா. "ஐயா, நீங்க நிறையக் கேட்டவராமே. உண்மையைச் சொல்லுங்க, பிள்ளை நல்லாப் பாடுறாளா? வீட்டுல பாடினா நான் சத்தம் போடாதன்னுதான் சொல்லுவேன்."

"ரெண்டாவது பாட்டில மூச்சுப் பத்தேல்லை. பயமா இருந்திருக்கும்" என்றேன். "மற்றப் பதின்மூண்டும் குறை சொல்ல ஏலாது."

அவ சிரித்தா. "பதின்மூணு சரியா? அவளுக்குச் சோதனையில அவ்வளவு வந்ததில்ல" என்றா. பிறகு முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பாடகி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அருகே வரவில்லை. வந்திருந்தால் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு இன்னும் நான்கு நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டேன். ஒவ்வொன்றிலும் அந்த அம்மாவும் வந்திருந்தா. ரயில் பிந்துமோ, படி எத்தனையோ என்ற கவலைகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. சுவரோடு ஒட்டி நிற்பதை மட்டும் விட்டுவிட்டேன். வேலை செய்த காலத்தில் எனக்குக் கிடைத்த பட்டங்களும் பதவி உயர்வுகளும் யாரோ ஆராய்ந்து பார்த்துத் தந்தவை. எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று ஒரு சபையில் எழுந்து சொல்ல எழுபத்துநான்கு வருடம் எடுத்தது. ஆனாலும் அதைச் சொன்ன அந்த நாலு நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம், கூனத் தொடங்கிவிட்ட என் முதுகு தானாகவே நிமிர்ந்துகொள்கிறது.