இடது பக்கம் சத்தம் வரல

"மே மொகக்த?"

இது என்னான்னு சிங்களத்துல கேக்குறது. யுத்தம் உக்கிரமா நடந்த அந்தக் கடைசி வருஷங்கள்ல எங்க தமிழ் ஆளுக கையில எது இருந்தாலும் செக்பொயிண்ட்ல நிக்கிறவனுக இப்படித்தான் கேப்பானுக. சோத்துப் பார்சல் இருந்தாலும் கேப்பானுக. பார்சல்னா பிரிச்சுக் காட்டிட்டுப் போயிடலாம். எங்க பொட்டிக்கு என்ன பதில் சொல்றது? கறுப்புத் தகரப் பொட்டி, ஒரு முழம் அகலம், ரெண்டு விரக்கட ஒசரம். முன்னாடி திருகுறதுக்கு ஒண்ணும் கெடையாது, பச்சையும் சிவப்புமா சின்ன லைட்டுக மட்டும். பின்னாடி பூரா வயரு குத்துற ஓட்டை. புரொசெசர்னு பேரு. மைக்குல வர்ற சத்தத்தக் கனத்த சத்தம் வேற, கீச்சுச் சத்தம் வேறன்னு பிரிச்சு அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்புறது அதுதான். மேட்டுல வச்ச ஸ்பீக்கர் சத்தமும் பள்ளத்துல வச்ச ஸ்பீக்கர் சத்தமும் ஒண்ணோட ஒண்ணு மோதாமப் பாத்துக்கிறதும் அதுதான். என்ன செய்யணும்னு அதுக்கு லேப்டாப்ப மாட்டித்தான் சொல்லணும். இத நடு ரோட்டுல, மழையில, நெஞ்சுக்கு நேரா துவக்க நீட்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு எப்படிங்க வெளங்கப்படுத்துறது?

நானும் என் மச்சானும் தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆளுக. மச்சான்னா என் தங்கச்சி புருஷன். பஜார்ல சவுண்டு செட் வாடகைக்கு விடுற ஒரு முதலாளிகிட்ட ரெண்டு பேரும் வேலை. லேப்டாப்புல நான் குந்துவேன். அவன் சனங்க நிக்கிற எடத்துக்குப் போயி நின்னு கேப்பான். கேட்டுட்டுக் கையால சொல்லுவான்: இத ஏத்து, அத எறக்கு, இந்தப் பக்கம் கிழியுது. நான் திரையில கோட்டப் பாத்துக்கிட்டு இருப்பேன், கோடு நல்லாத்தான் இருக்கும். அவன் இல்லைன்னு கைய ஆட்டுவான். கடைசியில அவன் சொன்னதுதான் சரியா இருக்கும். அவன் காத வச்சுத்தான் எங்க ரெண்டு குடும்பமும் சோறு தின்னுச்சுன்னு சொன்னா அது ஒண்ணும் கூட்டிச் சொல்றது இல்ல.

அந்தப் பொட்டிக்கு ஒரு பூட்டு இருந்துச்சு. அதுக்குக் காரணம் எங்க ஆளுகதான். ஒரு தோட்டத்துத் திருவிழா சத்தம் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கேட்டா, அடுத்த மாசம் அவனுக சத்தம் இவனுக லயத்தத் தாண்டிக் கேக்கணும். அது ஒரு வெறி. கோயில் கமிட்டிப் பயலுக மேடைக்குப் பின்னாடி பூந்து கண்டதையும் திருகி ஸ்பீக்கர எரிச்சுப்புடுவானுக. அதனால முதலாளி ஒரு ஏற்பாடு செஞ்சு வச்சிருந்தாரு. கரண்ட் குடுத்தா லைட்டு எரியும், ஆனா பொட்டி ஊமையா நிக்கும். லேப்டாப்ப மாட்டி, பாஸ்வேர்ட் அடிச்சு, வாயத் தொறன்னு சொன்னாத்தான் தொறக்கும்.

இன்னொரு பழக்கமும் இருந்துச்சு. தோட்டத்து ரோடுதான் தெரியுமே, லொறியில போனா குடல் வாய்க்கு வந்துடும். அந்தக் குலுக்கல்ல பொட்டிக்குள்ள இருக்குற கார்டெல்லாம் கழண்டுக்கும். அதனால ஸ்பீக்கரும், அதுக்குச் சத்தத்தக் கூட்டிக் குடுக்குற ஆம்பும் லொறியில போகும். பொட்டியும் லேப்டாப்பும் மச்சான் மடியில, புள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரி பஸ்ஸுல போகும். நல்ல யோசனைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க: தோட்டத்து விலாசம் போட்ட அடையாள அட்டையோட ஒரு தமிழ்ப் பயல், மடியில லைட்டு வச்ச தகரப் பொட்டி, பை நெறைய வயரு, ஒரு லேப்டாப்பு. இது பாட்டுக்குன்னு காட்டுறதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பீக்கர் கூடக் கெடையாது.

அன்னைக்குக் கலவான பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல மாரியம்மன் திருவிழா. சாயங்காலம் தேரு. நான் லொறியில போயி கோயில்ல எறங்கி, ஸ்பீக்கரக் கூட எறக்கல, மச்சான் வந்த பஸ்ஸோட கண்டக்டர் ஓடி வந்தாரு. வழியில செக்பொயிண்ட்ல மச்சான எறக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டானுகளாம். எந்த ஊரு ஸ்டேஷன்னு நான் சொல்ல மாட்டேன். எல்லா ஊருலயும் அதே கதைதான்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவரும் தமிழ் ஆளுதான், பஜார்ல சிங்களவங்களுக்கு நடுவுல கடை வச்சுப் பொழைக்கிறவரு. "நான் வந்தா என்னையும் சேத்து உள்ள வைப்பான். நீயே பாத்துக்க. என் பேர மட்டும் எடுக்காத"ன்னு வச்சுட்டாரு. அடப்பாவி! வருஷக்கணக்கா உனக்கு மாடு மாதிரி ஒழைச்சவன் அங்க உள்ள கெடக்குறான், உனக்கு உன் பேரா பெருசு? லொறிய அப்படியே திருப்பச் சொன்னேன். ஸ்பீக்கரோடயே போனோம்.

ஸ்டேஷன்ல உள்ள ரூம்பு கதவு பாதி தொறந்திருந்துச்சு. மச்சான் பெஞ்சுல குந்தியிருந்தான், முதுகு மட்டும் தெரிஞ்சுச்சு. கூப்புட்டேன். திரும்பல. கான்ஸ்டபிள் ஒருத்தன் என் நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனான். மேசை மேல எங்க பொட்டி. மூடியக் கழட்டிப் பாத்துட்டு ரெண்டு ஆணிய மட்டும் போட்டு மூடியிருந்தானுக. வயர ஒண்ணொண்ணா உருவிக் குவிச்சிருந்தானுக.

ஓஐசி, அதான் ஸ்டேஷனுக்குப் பெரியவரு, பொட்டியத் தொடாம, பேனாவால காட்டிக் கேட்டாரு. நான் சிங்களத்துல வெளங்கப்படுத்துனேன். எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. முழுசாக் கேட்டுட்டு அவரு கேட்ட கேள்வி: "இவ்வளவு நல்லா சிங்களம் பேசுறியே, எங்க பழகுன?"

பொறந்த நாள்லேருந்து இந்த மண்ணுல கெடக்குறவன்கிட்ட கேக்குற கேள்வியாங்க இது? பேசத் தெரியலைன்னா சந்தேகம், பேசுனா அதவிடப் பெரிய சந்தேகம். பல்லக் கடிச்சுக்கிட்டு, "இஸ்கோல்ல படிக்கிறப்பப் பழகுனேன் சேர்"னேன்.

"சரி. பாட்டு மெஷின்னு சொல்றீல்ல? பாட வை. பாடுனா அவனக் கூட்டிட்டுப் போ. பாடலைன்னா கொழும்புக்கு அனுப்பிடுவேன்."

கொழும்புக்கு அனுப்புறதுன்னா என்னான்னு எங்களுக்குத் தெரியும். போனவனத் தேடி அவன் பொண்டாட்டி ஜெயிலு வாசல் கேம்ப்பு வாசல்னு அலையணும். என் தங்கச்சி கைப்புள்ளையோட இருந்தா.

ஸ்டேஷன் முத்தத்துல ஒரு ஸ்பீக்கரையும் ஒரு ஆம்பையும் எறக்குனேன். வராந்தாவுலேருந்து கரண்ட் எடுத்தேன். லைட்டு எரிஞ்சுச்சு, பொட்டி ஊமையா நின்னுச்சு. லேப்டாப்பத் தொறந்து மாட்டுனா, கருவியக் காணோம்னு வருது. திரும்ப மாட்டுறேன், காணோம். அணைச்சுப் போடுறேன், காணோம். சுத்தி நின்ன கான்ஸ்டபிள்மாருக ஒருத்தன ஒருத்தன் பாத்துச் சிரிக்கிறானுக. கார்ட எதையாவது புடுங்கிட்டானுகளா? மூடியத் தொறந்து பாத்தேன், எல்லாம் எடத்துல இருக்கு. வயரு உள்ள அந்துருச்சா? அதுவும் இல்ல.

அப்பத்தான் ஒறைச்சுச்சு. லேப்டாப்புக்கும் பொட்டி வயருக்கும் நடுவுல சின்னதா ஒரு கன்வெர்ட்டர் மாட்டுவோம். லேப்டாப்புல அத எந்த ஓட்டையில குத்துறமோ அதுக்குத் தக்கன ஒரு நம்பர் விழும். நாங்க எப்பவும் ஒரே ஓட்டையிலதான் குத்துவோம். இவனுக உருவிப் பாத்துட்டு வேற ஓட்டையில சொருகி வச்சிருக்கானுக. பதட்டத்துல நானும் அதக் கவனிக்கல. சாப்ட்வேர் என்னடான்னா பழைய நம்பர்லயே கதவத் தட்டிக்கிட்டு நிக்குது. எழவு! புடுங்கிப் பழைய ஓட்டையில குத்துனேன். ஒடனே புடிச்சுக்கிச்சு. பாஸ்வேர்ட் அடிச்சேன்.

ஸ்பீக்கரு உசிரோட இருக்கான்னு பாக்க அந்தப் பொட்டிக்குள்ளயே ஒரு சோதனைச் சத்தம் இருக்கு. பழக்க தோசத்துல மொதல்ல அதத் தொறந்து விட்டுட்டேன். ஸ்ஸ்ஸ்ஸுன்னு முத்தம் பூரா எரைச்சல். ஒரு கான்ஸ்டபிள் சட்டுன்னு துவக்க ஏந்துனான். இன்னொருத்தன் தன் இடுப்புல இருந்த வாக்கிடாக்கியத் தொட்டுக் காட்டி, "இது நம்ம வயர்லெஸ் செட்டுல வர்ற அதே சத்தம் சேர்"னு கத்துறான். பாவிகளா, ஒங்க செட்டும் எரையும், அடுப்புல எண்ணெ ஊத்தி வச்ச தாச்சியும் எரையும், அதுக்கு நான் என்ன பண்றது? அவசரமா அத அணைச்சுட்டு, லொறியில கெடந்த சிங்கள பைலாப் பாட்டு சீடியப் போட்டேன்.

பாடுச்சு. ஸ்டேஷன் ஓடு அதிர்ற மாதிரிப் பாடுச்சு. துவக்க ஏந்துன அதே பய காலத் தட்டுறான். இன்னொருத்தன் இடுப்ப ஆட்டுறான். ஓஐசி சிரிச்சுக்கிட்டே வந்து, நல்ல செட்டு, ஸ்டேஷன்ல ஒரு விழா இருக்கு, அதுக்கு இதக் கொண்டு வந்து போடுன்னாரு. வெக்கம் மானம் இல்லாம அதையும் கேட்டாரு! சரிங்க சேர், கொண்டாந்து போடுறோம் சேர்னு சொன்னேன். அந்தச் சிரிப்ப மூஞ்சில ஒட்டி வச்சுக்கிட்டு நின்னது இன்னைக்கும் என் வயித்தெரிச்சல்.

மச்சான வெளிய விட்டானுக. இடது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு. "அடிச்சானுகளா?"ன்னு கேட்டேன்.

"விடு மச்சான். ரெண்டு தட்டு தட்டுனான். ஒண்ணுமில்ல. தேருக்கு நேரமாச்சு, வா."

லொறியில அவன் டிரைவருக்குப் பக்கத்துல நடுவுல குந்துனான், நான் அவனுக்கு இடது பக்கம் ஜன்னலோரம். வழி பூரா முதலாளியையும் அவனுகளையும் வண்டி வண்டியா ஏசிக்கிட்டு வந்தேன். அவன் ஒரு வார்த்த பேசல. நொந்து போயிருக்கான், பேச மனசில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்.

கோயில்ல எல்லாத்தையும் ஏத்தி முடிக்கிறப்போ தேருல சாமிய வச்சுட்டாங்க. கோயில் வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர அடுக்கிட்டு ஒரு பாட்டப் போட்டேன். மச்சான் எப்பவும் போல எறங்கிப் போயி, கடைசி லயத்துக்கு முன்னாடி நடு மையமா நின்னு கேட்டான். இடது கையத் தூக்கி ஆட்டுனான். இடது பக்கம் சத்தம் வரல.

திரையில பாத்தேன். இடதும் வலதும் ஒரே மாதிரி ஆடுது. இல்லைன்னு அவன் திரும்பவும் கைய ஆட்டுறான். நாசமாப் போனவனுக, பொட்டிய நோண்டிக் கெடுத்துட்டானுகன்னு கத்துனேன். பொட்டியிலதான் கோளாறுன்னா, உள்ளயே இடத வலதா மாத்திவிட்டா கோளாறும் வலதுக்குப் போகணும். மாத்துனேன். இடதுதான்ங்கிறான். ஆம்புல வயர மாத்திக் குத்துனேன். இடதுதான். ஸ்பீக்கர் வயரையே தூக்கிப் போட்டுட்டு வேற போட்டேன். இடதுதான். கமிட்டி ஆளுக வந்து, என்ன தம்பி, ஒரு பக்கம் இல்லாமயே ஓட்டலாமேங்கிறாங்க. போங்கய்யா அங்கிட்டுன்னு எரிஞ்சு விழுந்தேன். நேரா இடது ஸ்பீக்கர்கிட்டப் போயி தலைய வச்சேன். மண்டையப் பொளக்குது சத்தம்.

பாட்ட ஓடவிட்டுட்டு எறங்கி அவன்கிட்டப் போனேன். அவன் பக்கத்துல நின்னு கேட்டேன். ரெண்டு பக்கமும் வருது. சுத்தமா வருது.

அவன் தோளப் புடிச்சு, கோயிலுக்கு முதுகக் காட்டித் திருப்பி நிறுத்துனேன். "இப்பச் சொல்லு. எந்த ஸ்பீக்கர் வரல?"

கொஞ்ச நேரம் கேட்டான். "வலது ஸ்பீக்கர் வரல. இடது இப்ப வருது"ன்னான். நாங்க எத்தனை செட்டுல எத்தனை கோளாற இப்படி மாத்தி மாத்திக் கண்டுபுடிச்சவங்க, அவனுக்கு வெளங்காதா? இடது கைய மெதுவா வீங்குன கன்னத்துக்குக் கொண்டு போயி, அங்கேருந்து காதுக்குக் கொண்டு போனான். காதுக்கு நேரா வெரலச் சொடுக்கிப் பாத்தான். திரும்பவும் சொடுக்கிப் பாத்தான்.

மேளம் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போயி அடிச்சது எவன் கைன்னு கேட்டு அந்தக் கைய ஒடிக்கணும்னு எனக்கு ஒரே வெறி. அவன் கோயில் பக்கம் திரும்பி, என்னப் பாக்காம, மேல தெரிஞ்ச ஸ்பீக்கரப் பாத்துக்கிட்டே பேசுனான்.

"அப்ப பொட்டி நல்லாத்தான் இருக்கு மச்சான். நீ போயி ஆரம்பி."