சீட் இல்லாத இரண்டு வண்டிகள்

போன வருடம் விஜயதசமி அன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அது நடந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், நான் அப்போது கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் ஏழரையோடு முடிகிறது, அதற்குள் ஒரு சுற்றாவது ஓட்டிவிடு என்று மகளை விரட்டிக்கொண்டிருந்தேன். இடம், காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு திராட்சைத் தோட்டம்.

நான் கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு இருபத்து மூன்று வயது. அவள் ஓட்டுவது நாம் ரோட்டில் பார்க்கிற வண்டி இல்லை. ‘டிரையல்ஸ்’ வண்டி என்பார்கள். இந்தப் போட்டியில் வேகத்துக்கு வேலையே கிடையாது. பாறை மேல், ஓடைக் கல் மேல், விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி இறங்க வேண்டும். கால் பட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு தண்டப் புள்ளி. முழுக்க நின்றுகொண்டே ஓட்டுவதால் வண்டியில் சீட்டே இருக்காது. முதன்முதலில் பார்த்தபோது, ஏதோ பாகம் வராமலே வண்டியை வாங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவளிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. இரண்டும் வெளிநாட்டு வண்டிகள், வேறு வேறு கம்பெனி, இரண்டுமே இன்னொருவர் ஓட்டி விற்றவை. கம்பெனிப் பெயர்கள் இங்கே வேண்டாம். எங்கள் வீட்டில் அவை சிவப்பு, நீலம். அவ்வளவுதான்.

எனக்குப் பயம் அதிகம். அவள் பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் முழுத் தூக்கம் தூங்கியதில்லை. ஆனால் பயந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமலும் என்னால் இருக்க முடியாது. சிவப்பு ‘டூ ஸ்ட்ரோக்’ இன்ஜின். அதற்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும், லிட்டருக்குப் பன்னிரண்டரை மில்லி. கலக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஊசி மாட்டாத சிரிஞ்சில் உறிஞ்சி, கோட்டுக்குக் கண்ணை வைத்து அளப்பேன். நீலம் ‘ஃபோர் ஸ்ட்ரோக்’. அதற்கு வெறும் பெட்ரோல் போதும். சிவப்பு, விரலால் தொட்டாலே துள்ளும். நீலம் நிதானம், மூச்சு வாங்கி வாங்கி ஏறும். இறக்கத்தில்தான் இரண்டும் ரொம்ப வித்தியாசம். சிவப்பில் ஆக்சிலேட்டரை விட்டால் அது பாட்டுக்கு உருளும். நீலத்தில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும்.

இதைத் தெரிந்துகொண்ட அன்றே நான் நீலத்தின் கட்சிக்குப் போய்விட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவளுடைய நண்பர்கள் எந்தக் கம்பெனி உசத்தி என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நானும் ஸ்பீக்கர் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீலத்துக்காக வாதாடுவேன். “அம்மா, நீ ஓட்டிப் பார்த்துட்டுப் பேசு” என்பாள் மகள்.

வண்டிகளை வைத்திருப்பது தோட்டத்து மோட்டார் ரூமில். தோட்டக்காரர் அறுபதை நெருங்குபவர், கத்தோலிக்கக் குடும்பம், எனக்கு அண்ணன் முறையாகவே பழகுபவர். தோட்டத்துக்கு மேலே அவருடைய பட்டா நிலத்தில் ஒரு பாறைச் சரிவு உண்டு. அங்கே விளையாத நிலம் சும்மாதானே கிடக்கிறது, ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். முதல் நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, “ஏ ஆத்தா, உக்காரச் சீட்டுக்கூட இல்லாத வண்டிக்கு இம்புட்டு வெலையா? சீட்டு வச்சா இன்னும் எம்புட்டுக் கேப்பான்?” என்று அவர் கேட்டதை என் மகள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆயுத பூஜை அன்று மகளுக்குப் பழனிசெட்டிபட்டியில் வேலை. வண்டிகளுக்குப் பூஜை போட நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். இரண்டையும் கழுவித் துடைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். மாலையை எங்கே மாட்டுவது என்றுதான் தெரியவில்லை, கண்ணாடியும் இல்லை, சீட்டும் இல்லை.

தோட்டக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். “எங்க ஃபாதர் வண்டிய மந்திரிக்க வந்தா நடுவுல தண்ணி தெளிப்பாக. இதுல நடுவே இல்லையே தங்கச்சி!” பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, “அப்பிடியே என் மோட்டாருக்கும் ஒரு பொட்டு வச்சு விடு. எந்தச் சாமி பாத்தாலும் சரி, தண்ணி வந்தாச் சரி” என்றார். வைத்தேன்.

கழுவிக் காய்ந்தபின் பிளாஸ்டிக் எல்லாம் வெளுத்துப் போய்த் தெரிந்தது. மோட்டார் ரூமில் அவர் தோட்டத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் இருந்தது. துணியில் நனைத்துத் துடைத்தேன். வண்டி புதிதாகிவிட்டது. சிவப்புக்கு ஒரு கை. நீலத்துக்கு இரண்டு கை, ஏனென்றால் அதுதான் என் பெண்ணைக் காப்பாற்றப்போகிற வண்டி. கம்பிகள், சக்கரம், சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக இருந்த இரும்புத் தட்டு, ஒன்றையும் விடவில்லை.

பூஜை போட்ட ஆயுதத்தை அன்று தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் மகள் வண்டியைப் பார்த்ததே மறுநாள் காலையில்தான்.

அவள் சிவப்பை எடுக்கப் போனாள். “மொதல்ல நீலத்த எடு, நல்ல நாள் தொடக்கம் பத்திரமா இருக்கட்டும்” என்றேன். “பத்து நிமிசம் குடும்மா, செக் பண்ணிட்டு ஏறுறேன்” என்றாள். “நேரம் போகுது” என்றேன். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க நேராகச் சரிவில் ஏறிவிட்டாள். ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? ஒன்றும் தெரியவில்லை. உச்சியில் திரும்பி நின்று கையை ஆட்டினாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வழக்கமாக ஒவ்வொரு பாறைக்கும் நின்று நின்றுதான் இறங்குவாள். அன்று நிற்கவில்லை.

சரிவு முடியும் இடத்தில் திராட்சைப் பந்தல் தொடங்குகிறது. பந்தல் சாயாமல் இருக்க, ஓரக் கல் தூண்களிலிருந்து தடித்த கம்பிகளைச் சாய்வாக இழுத்துத் தரையில் கட்டியிருப்பார்கள். வண்டியில் நிற்கிற ஒருத்திக்கு அந்தக் கம்பி கழுத்து உயரத்தில் வரும். எனக்கு அது தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பிகளைப் பார்த்துத்தான் பயப்படுவேன்.

வண்டி கடைசிப் பாறைக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. இன்ஜின் உறுமி, உறுமி, சட்டென்று நின்றது.

அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியும். ஓட்டுபவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும், அதன் மறுமுனை வண்டியில் ஒரு காந்தத்தில் ஒட்டியிருக்கும். ஆள் விழுந்தால் காந்தம் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணைந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்து வைத்திருந்ததன் பலன் இது. என் மகள் வண்டியில் இல்லை என்பது கண்ணால் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

தோட்டக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தினமும் எத்தனையோ பேர் ரத்தத்தைக் கையில் வாங்குகிறவள், அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாறைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. “தங்கச்சி! புள்ள எந்திரிச்சிருச்சு! அங்கனயே நில்லு, கூட்டியாறேன்!”

இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் கிளட்ச்சைத் தொடாமல், ஆக்சிலேட்டரை விட்டு, இன்ஜின் இழுப்பிலேயே வேகத்தைக் குறைத்திருக்கிறாள். கம்பிக்கு முன்னால் பக்கவாட்டில் குதித்துவிட்டாள். வண்டி கல் தூணில் முட்டி முன் மட்கார்டு உடைந்து கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நெற்றிப் பக்கம், புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, நீளமாக ஒரு கோடு விழுந்திருந்தது. கம்பி உரசிய கோடு.

மகள் குமுளியில் இருக்கும் மலையாளி மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அவரும் இதே போட்டியில் ஓட்டுகிறவர், நீலத்தை எங்களுக்கு விற்றவர். கோபமாகவே பேசினாள். உடனே கிளம்புவதாகச் சொன்னார். அதற்குள் தோட்டக்காரர் வண்டியை நிமிர்த்தி மோட்டார் ரூமுக்குத் தள்ளி வந்துவிட்டார்.

காத்திருந்த அந்த இரண்டு மணி நேரம்தான் நான் எழுத வந்த விஷயம்.

மகளின் முழங்கையை மோட்டார் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த டிஸ்க்கப் பாரும்மா, புதுசு மாதிரிப் பளபளன்னு இருக்கு. ஆனா லீவர எவ்வளவு அழுத்தியும் பிடிக்கல. நீதான இது பத்திரம்னு சொன்ன?”

நான் அந்தத் தட்டைப் பார்த்தேன். அது பளபளத்தது புதிதாக இருந்ததால் இல்லை. பிரேக் பிடிப்பது அந்தத் தட்டைத்தான். பெட்ரோல், ஆயில், காந்தம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட எனக்கு, பிரேக் எதைப் பிடிக்கிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. வலது கையை மூக்கருகே கொண்டுபோனேன். நகக்கண்ணில் இன்னும் தேங்காய் எண்ணெய் வாசனை இருந்தது.

என் வேலையில் ஒரு ரிப்போர்ட் தப்பாகப் போய்விட்டதென்று தெரிந்தால், அந்த நிமிடமே போனை எடுத்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. அன்று வாய் திறக்கவில்லை.

“வெளிநாட்டுக்காரன் நம்மூருப் பாறையக் கண்டானா?” என்றார் தோட்டக்காரர். மகள் நீலத்தை விற்றுவிடப் போவதாகச் சொன்னாள். அடுத்த மாதப் போட்டிக்குச் சிவப்புதான் என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் வலது கையை விரித்து, மடக்கி, மெதுவாகச் சொன்னாள்: “இல்லம்மா. நான்தான் பயந்துட்டேனோ என்னவோ. லீவரச் சரியாப் பிடிக்கலையோ.”

இரண்டு வருடப் பயிற்சியில் அவள் தன் கையைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. கம்பிக்கு முன்னால் அவளைக் குதிக்க வைத்தது அந்தத் தைரியம்தான். அது என் கண் முன்னே அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. “உன் கையில தப்பு இல்ல” என்று மட்டும் சொன்னேன். அவள் எனக்காக ஆறுதல் சொல்வதுபோலச் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு மெக்கானிக் வந்தார். நீலத்தின் பக்கத்தில் குந்தினார், தட்டை விரலால் தடவினார், விரலை முகர்ந்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“பிரேக்குக்கு ஒரு கொழப்பமும் இல்ல, சேச்சி. நல்ல வெளிச்செண்ணை, தேங்கா எண்ணை. இவனுக்கு இப்படி எண்ணை தேச்சுக் குளிப்பாட்டுனது யாரு?”

தோட்டக்காரர் தன் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தார். “அண்ணன் இல்ல. நான்தான்” என்றேன். “ஏழரை மணியிலிருந்து எனக்குத் தெரியும்” என்றும் சொன்னேன். எண்ணெய் தேய்த்ததைச் சொல்வதைவிட இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

மகள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் வலது கையை ஒரு தடவை மடக்கி விரித்தாள். பிறகு, “ஏம்மா, சிவப்புக்குத் தேய்க்கலையா?” என்று கேட்டாள்.

“தேய்ச்சேன். அதுல அந்தத் தட்டு மேல ஏதோ மூடி இருந்துச்சு. துணி உள்ள போகல.”

மெக்கானிக் சிவப்பிடம் போய்க் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டார். “எந்தக் கம்பெனி நல்லதுன்னு நாங்க வருசக்கணக்கா அடிச்சிக்கிறோம். சேச்சி ஒரே நாள்ல கண்டுபிடிச்சாச்சு. அம்மா கை எட்டாதபடிக்கு எவன் மூடி போட்டிருக்கானோ, அவன் வண்டிதான் நல்லது.”

மகளும் சிரித்தாள், வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தட்டைப் பரிசோதனை நிலையத்து ஸ்பிரிட்டால் நானே துடைத்தேன், எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை அவர் மாற்றிக் கொடுத்தார். நீலத்தை விற்கவில்லை. இன்றும் அவள் ஹெல்மெட் மாட்டும்போது ‘பத்திரம்’ என்ற வார்த்தை என் வாய் வரை வருகிறது, ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை என் கையை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.